பாதைக்காக ஒரு சண்டை

ரத்த தான முகாமை முடித்துக்கொண்டு திரும்பி வந்த கோமளா, கையுறையைக் கழற்றியபடியே அந்தச் செய்தியைச் சொன்னாள்.

“உங்க தங்கச்சியப் பாத்தேன் பியூலாக்கா. மந்தவெளி ஸ்கூல்ல கணக்கு டீச்சராமே. ‘எங்க அக்கா நல்லா இருக்காங்களா’ன்னு கேட்டாங்க.”

பியூலா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ என்ன சொன்ன?”

“நல்லா இருக்காங்கன்னேன். வேற இன்னா சொல்றது? அவங்களும் டெய்லி சைக்கிள்லதான் வராங்களாம், கால்வா ஓரமாவே. ஏழு மணிக்குக் காரப்பாக்கத்துல ஏறினா எட்டுக்கெல்லாம் மந்தவெளியாம். நீங்களும் அதே டைம்தானே வரீங்க? அப்பறம் எதுக்கு என்னாண்ட விசாரிக்கணும்?”

கேள்வியைப் போட்டுவிட்டுக் கோமளா கை கழுவப் போய்விட்டாள். பியூலாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் ஒரு ரத்த வங்கியில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதகர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இருந்தவரை அப்பாவோடும், அவர் போனபின் தனியாகவும் செம்மஞ்சேரியில் குடியிருந்தாள். காலை ஆறே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்தால் ஏழு மணிக்குக் காரப்பாக்கத்தைத் தாண்டுவாள். அதாவது, அவளும் எப்சிபாவும் ஒரே பாதையில், ஒரே திசையில், ஒரே நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் போகிறார்கள். மூன்று வருடமாக. ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

எப்சிபா வேண்டுமென்றே நேரத்தை மாற்றிக்கொண்டாள் என்றுதான் பியூலா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒக்கியம் மடுவுப் பாலத்தின் மேல் இருவரும் ஊர் பார்க்கச் சண்டை போட்டார்கள். அப்பாவின் கல்லறைக்கு எந்த வசனத்தைப் பொறிப்பது என்பதில் ஆரம்பித்த சண்டை. கைப்பிடியும் கைப்பிடியும் இடித்து எப்சிபா விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. பாதையில் தங்கை தென்படாமல் போனதும், “அவ்வளவு வெறுப்பா என் மேல?” என்று பியூலாவும் இறுகிப்போனாள்.

இப்போது பார்த்தால் எப்சிபா நேரத்தை மாற்றவே இல்லை.

ஒரு கண்ணாடித் தகட்டில் லட்சம் சிவப்பணுக்களுக்கு நடுவே ஒன்று கோணலாக இருந்தால் பியூலாவால் அதை விட்டு நகர முடியாது. இது அந்த மாதிரி ஒன்று.

பக்கிங்காம் கால்வாயைத் தூர் வாரிச் சுத்தம் செய்து, கரையோரம் பூவரசும் புங்கையும் நட்டு, கேளம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை சைக்கிளுக்கென்றே பாதை போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் பசுமைவழி. பாதையின் விளிம்பில் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் ஓடும். சனங்கள் அதை மின்மினி என்பார்கள். மின்மினியின் வேகத்துக்கு மிதித்தால் போதும். சாலைகள் குறுக்கிடும் இடத்தில் தடுப்புக் கம்பு தானாகத் தூக்கிக்கொள்ளும். காலையில் எட்டாயிரம் பேர் போனாலும் ஒருவர் மேல் ஒருவர் இடிப்பதில்லை. பாதைக்கு அடியில் பதித்திருக்கும் ஏதோ ஒன்று எல்லோருடைய மிதிப்பையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் அதற்கு மேல் யோசித்ததில்லை.

பியூலா மறுநாள் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினாள். சோழிங்கநல்லூரில் அவளுடைய மின்மினி சோம்பலாக ஊர்ந்தது. பதினொரு நிமிடம் இழந்தாள். அதற்கு அடுத்த நாள் மின்மினியை மதிக்காமல் வேகமாக மிதித்தாள். தடுப்புக் கம்பு தூக்கவில்லை. “முன்னால் நெரிசல். சற்று இளைப்பாறுங்கள்” என்றது கம்பத்திலிருந்த குரல், மிக மரியாதையாக. எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன.

நான்காம் நாள் ஒரு காரியம் செய்தாள். ஆறரைக்கே போய், காரப்பாக்கத்தில் பாதைக்கு ஏறும் வாசலில், ஓரமாகச் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலுக்கே போயிருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் யார் முதலில் போவது என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஏழே கால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. எப்சிபா வரவில்லை. ஏமாற்றத்தோடு வேலைக்கு வந்தவள், முகாமில் ரத்தம் கொடுத்தவர்களை விசாரிக்கிற சாக்கில் கோமளாவைத் தங்கைக்குப் போன் போடச் சொன்னாள்.

கோமளா பேசிவிட்டு வந்து சொன்னாள்: “கரெக்டா எட்டுக்கு ஸ்கூலுக்கு வந்துட்டாங்களாம். என்னா, இன்னிக்கு அவங்க ஏர்ற கேட்டு மூடிக் கெடந்துச்சாம். பராமரிப்புன்னு போர்டு காட்டிச்சாம். பின்பக்கம் சுத்திப் போய் ஏறினாங்களாம்.”

பியூலா ஒரு மணி நேரம் நின்ற வாசல் அது. திறந்துதான் இருந்தது. அவள் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் திறந்துதான் இருந்தது.

*

பெருங்குடியில், கால்வாயைப் பார்த்த மாதிரி, பாதையின் கட்டுப்பாட்டு அறை இருந்தது. அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு திரை, ஒரு மின்விசிறி, இல்யாஸ் என்கிற பொறியாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, பியூலா சொன்னதை முழுசாகக் கேட்டான். சிரிக்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

“வெளியில இருக்கிற அந்தத் தகட்டு மேல சைக்கிளை ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்க மேடம்.”

சுற்றிவிட்டு வந்தாள். அவன் திரையைப் பார்த்தான்.

“இடது காலை அழுத்தி மிதிக்கிறீங்க.”

“எட்டு வயசுல வலது கால் ஒடஞ்சது.”

“அது எனக்குத் தெரியாது. பாதைக்கும் தெரியாது. அதுகிட்ட யார் முகமும் கிடையாது, பேரும் கிடையாது, சட்டம் அப்படி. மிதிக்கிற விதத்தை வச்சு ஒரு நம்பர், அவ்வளவுதான். இது நீங்க. உங்களோட சேரக் கூடாதுன்னு ஒரே ஒரு நம்பர் இருக்கு.”

“சேரக் கூடாதுன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல.” இல்யாஸ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். “நாங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பாதையில மோதல் குறையணும். அது முதல் வருஷம் பூரா பார்த்துச்சு. மோதல்ல பாதி, தெரியாதவங்க கவனிக்காம இடிச்சுக்கிறது. அதை வேகத்தைக் கூட்டிக் குறைச்சு சரி பண்ணிருச்சு. மீதிப் பாதி தெரிஞ்சவங்களுக்குள்ள. அண்ணன் தம்பி, வீட்டுக்காரர் குடித்தனக்காரர், பார்ட்னருங்க. ஒருதடவை சண்டை போட்டவங்க மறுபடி பார்த்தா மறுபடி சண்டை. அப்போ சுலபமான வழி எது? பார்க்கவே விடாம இருக்கிறது. நாங்க கத்துக்கொடுக்கல. அதுவா கண்டுபிடிச்சது. எனக்கே போன வருஷம்தான் தெரியும்.”

“எத்தனை பேர் இப்படி?”

“பதினோராயிரம் ஜோடிக்கு மேல.”

பியூலா ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தாள். வெயிலில் பத்துப் பதினைந்து பேர் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பச்சைப் பொட்டு.

“இது அநியாயம் தம்பி. நான் எழுதிக் கொடுக்கிறேன். நிறுத்துங்க.”

“நிறுத்தலாம். ஆனா ஒரு ஜோடிக்கு மட்டும் நிறுத்த வழி கிடையாது. பிரிக்கும்னே யாரும் நினைக்கல, அப்புறம் அதுக்கு எங்க சுவிட்ச் வைக்கிறது? நிறுத்தினா மொத்தமாத்தான்.” பிறகு திரையில் இரண்டு புள்ளிகளைக் காட்டினான். “இதைப் பாருங்க. நாலு வருஷம் முன்னாடி, இதே பெருங்குடி பக்கத்துல, இந்த நம்பர் இந்த நம்பரைச் சைக்கிளோட சரிவுல தள்ளி விட்டுருக்கு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. மூணாவது தடவை ரெண்டு கிலோமீட்டர் துரத்தல். கம்பத்துல இருக்கிற மைக்ல ஒரு பொம்பள கத்துற சத்தம். அவங்க யாரு, அவன் யாரு, எனக்குத் தெரியாது. அன்னிலேருந்து பாதை அவங்களைச் சேர விடல. அவங்க தினம் காலைல ஏழரைக்கு இந்தப் பக்கம் போறாங்க. அவனும் போறான். நடுவுல எப்பவும் ஒரு கம்பு இறங்கியிருக்கும். அவங்களுக்கே இது தெரியாது. அவன் தொந்தரவு விட்டுதுன்னு நினைச்சிட்டு இருப்பாங்க.”

பியூலா கையிலிருந்த பேனாவை மூடினாள்.

எழுந்து வாசல்வரை போனவளை அவன் கூப்பிட்டான். “மேடம், இன்னொண்ணு. உங்க பாலத்துச் சண்டை முடிஞ்ச வாரத்துல, உங்களோட சேரக் கூடாத அந்த நம்பர் மூணு தடவை உங்க பின்னாடி ரொம்ப வேகமா வந்திருக்கு. ஒரு தடவை முப்பது கிலோமீட்டர் வேகம். பாதை அதைத் துரத்தல்னு எடுத்துக்கிச்சு. கம்பை இறக்கிருச்சு.”

“துரத்தலா?” என்றாள் பியூலா. “அவ என்னை எட்டிப் பிடிக்கப் பாத்திருக்கா.”

“இருக்கலாம். பாதைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

*

அன்று சாயங்காலம் பஸ் பிடித்துக் காரப்பாக்கத்தில் இறங்கினாள். கதவைத் திறந்த எப்சிபா கையில் ஈரத் துணியோடு நின்றாள். தலை நிறைய நரைத்திருந்தது. நாற்பத்திநாலு வயதுக்கு அது அதிகம்.

“செருப்ப வெளியவே போட்டுட்டு வா. இப்பத்தான் தொடச்சேன்.”

மூன்று வருடத்தில் தங்கை பேசிய முதல் வார்த்தை அது. பியூலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். இருவரும் தெற்கே நாசரேத்தில் பிறந்து வளர்ந்து சென்னைக்கு வந்தவர்கள். வெளியில் யாரிடம் எப்படிப் பேசினாலும், தங்களுக்குள் ஊர்ப் பேச்சுதான்.

“நீ மூணு மட்டம் என் பின்னால வந்தியாமே?”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“பாதை.”

எப்சிபா கொஞ்சம் விழித்தாள். “வந்தேன். மன்னிப்புக் கேக்க ஒண்ணும் வரல. அன்னைக்குத் திட்டுனது பாதியிலேயே நின்னுபோச்சு, அத முடிக்கணும்னு வந்தேன். நீதான் என்னப் பாத்ததும் பறந்துட்டியே.”

“நான் எங்கட்டி ஒன்னப் பாத்தேன்? மின்மினி ஓடுச்சு, அது பின்னால நானும் ஓடுனேன்.”

பிறகு பியூலா எல்லாவற்றையும் சொன்னாள். கணக்கு டீச்சர் அல்லவா, எப்சிபா நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டாள். இரண்டு கேட்டுக்கும் நடுவில் எத்தனை மீட்டர், கம்பு எத்தனை நொடியில் இறங்குகிறது, அதற்குத் தெரிந்தது மிதி மட்டும்தானா. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

“நாம ரெண்டு பேரும் ஒரே வாசல்ல, ஒண்ணா ஏறுனா அது என்ன செய்யும்?”

பியூலாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தார்கள். பியூலாவின் மின்மினி பாய்ந்து ஓடியது. எப்சிபாவுடையது நகரவே இல்லை. இருவரும் இரண்டையும் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தார்கள். “தயவுசெய்து ஒருவர் பின் ஒருவராகச் செல்லவும்” என்றது கம்பம். சென்றார்கள், முன்சக்கரம் பின்சக்கரத்தை உரசுகிற மாதிரி. துரைப்பாக்கத்தில் கம்பு இருவருக்கும் நடுவில் இறங்கியது. எப்சிபா குனிந்து, சைக்கிளைச் சாய்த்து, கம்புக்கு அடியில் நுழைந்து வந்தாள். “பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாத்தா என் மானம் போச்சு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திருவான்மியூர் வரைக்கும் பாதை விடவில்லை. இளைப்பாறச் சொன்னது, தண்ணீர் குடிக்கச் சொன்னது, வராத மழைக்கு ஒதுங்கச் சொன்னது. இந்திரா நகர் தாண்டியதும் இரண்டு மின்மினியும் மெதுவாக ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்தன.

“பாத்தியா, தோத்துட்டுது” என்றாள் எப்சிபா.

அந்த வாரம் முழுக்கச் சேர்ந்து போனார்கள். சும்மா போகவில்லை, தேங்காய் விலையிலிருந்து திருச்சபைத் தேர்தல்வரை எல்லாவற்றுக்கும் வாதாடிக்கொண்டே போனார்கள். கல்லறைப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. புதன்கிழமை பெருங்குடிக்குப் பக்கத்தில் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பூநாரைகள் நின்றன. இறங்கி நின்று பார்த்தார்கள். பாதை ஒன்றும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை மத்தியானம், பியூலா கொடுத்துவிட்டு வந்திருந்த எண்ணுக்கு இல்யாஸ் போன் செய்தான். குரல் சரியாக இல்லை.

“மேடம், நீங்களும் அவங்களும் சேர்ந்து ஓட்டுறீங்களா?”

“ஆமா தம்பி. ஆறு நாளா. ஒரு அடிதடி இல்ல.”

“அதான் பிரச்சினை.” அவன் மூச்சு விடுவது கேட்டது. “நாலு வருஷமா பாதை எந்த ஜோடியையும் சேர விட்டதே இல்ல. அதனால, சேர்ந்தா என்ன ஆகும்னு அதுக்குத் தெரியாமலே இருந்துச்சு. நீங்கதான் முதல் தகவல். ஒரே தகவல். சேர்ந்தாங்க, ஒண்ணும் ஆகலன்னு பதிவாயிருச்சு. இப்போ அது மத்தவங்களையும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட விட்டுப் பார்க்குது. நேத்து முப்பது ஜோடியை நானூறு மீட்டர் வரைக்கும். இன்னிக்கு முன்னூறு.”

பியூலாவுக்கு அடுத்த வார்த்தை தெரிந்துவிட்டது. “அந்தப் பொண்ணு?”

“அந்த முப்பதுல அவங்களும் இருக்காங்க. துரத்தல் பதிவு ரெண்டு ஜோடிக்கும் ஒரே மாதிரி இருக்கு மேடம். உங்க தங்கச்சி உங்க பின்னாடி வந்ததும், அவன் அவங்க பின்னாடி போனதும். பாதைக்கு வித்தியாசம் தெரியல.”

“நிறுத்திருங்க.”

“மொத்தமா நிறுத்தினா திங்கட்கிழமையே எல்லாரும் நேருக்கு நேர். கத்துக்கிட்டதை மட்டும் அழிக்க, செஞ்ச கம்பெனிதான் வரணும். எழுதிட்டேன், மூணு வாரம்னு பதில் வந்திருக்கு. போலீஸ்ல சொல்லியிருக்கேன், பாதை முழுசுக்கும் ரெண்டு பேர் நிப்பாங்களாம்.”

“அவங்களுக்குச் சொல்லிரலாமே. ஸ்பீக்கர்ல சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது? ‘உங்களைத் துரத்தினவர் பின்னாடி வர்றாரு’ன்னா அவனும்தானே கேப்பான்? இத்தனை நாள் அவன் கிடைக்காம போனது எதனாலன்னு அவனுக்கே நாம சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆயிரும்.”

பியூலா கேட்டாள்: “நாங்க நாளையிலேருந்து பஸ்ல போயிட்டா?”

“கத்துக்கிட்டது கத்துக்கிட்டதுதான். எதிரான தகவல் வேணும் மேடம். சேர விட்டது தப்புன்னு அது பார்க்கணும்.”

“அதாவது நாங்க சண்டை போடணும்.”

“என்னால அப்படிக் கேக்க முடியாது,” என்றான் இல்யாஸ். அதாவது கேட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காளும் தங்கையும் காரப்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து சண்டைக்கு ஒத்திகை பார்த்தார்கள். தேங்காய் விலையே போதும் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை துரைப்பாக்கத்தில் பாதையின் நடுவில் நின்று இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். “நீ எனக்கு அக்காவாட்டி!” என்றாள் எப்சிபா, அக்காளையே ‘எட்டி’ என்று தப்பாகக் கூப்பிட்டு. ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, “எம்மா, ரெண்டு பேரும் படிச்சவங்க மாதிரி இருக்கீங்க” என்று சமாதானத்துக்கு வந்தார். எப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இருவரும் அவசரமாகச் சைக்கிளில் ஏறி, திருவான்மியூர் வரை சிரித்துக்கொண்டே போனார்கள்.

பத்து மணிக்கு இல்யாஸ் கூப்பிட்டான். “சத்தமான பேச்சுன்னு எடுத்துக்கிச்சு. சண்டை சத்தத்துல இல்ல மேடம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, ஒரே வேகத்துல போயிருக்கீங்க. நெஜமா சண்டை போட்டவங்க அப்படிப் போக மாட்டாங்க.”

“இன்னைக்கு எவ்வளவு தூரம்?”

“நூத்தம்பது மீட்டர். நாளைக்கு அவன் தலையத் தூக்கிப் பார்த்தா அவங்க முதுகு தெரியும்.”

*

செவ்வாய்க்கிழமை. எப்சிபா காரப்பாக்கத்தில் ஏறியதிலிருந்து ஒன்றும் பேசவில்லை. ஒக்கியம் மடுவுப் பாலத்தின் மேல் வந்ததும் நிறுத்தி, ஒரு காலை ஊன்றினாள். பியூலாவும் நிறுத்தினாள். கீழே தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். நடிப்புக்கு இல்ல.”

“கேளு.”

“அப்பா போன அன்னைக்கு, காலையில ஆறு மணிக்கே ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. டாக்டர் வந்து பாத்துட்டு, இன்னைக்குத் தாங்காதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவரே எங்கிட்டச் சொன்னாரு. அப்பா போனது பதினோரு மணிக்கு. நீ எனக்குப் போன் பண்ணுனது பன்னெண்டு மணிக்கு. நான் அரை மணி தூரத்துலதான் இருந்தேன். கல்லறை, வசனம் எல்லாம் கெடக்கட்டும். ஏன் பண்ணல?”

மூன்று வருடமாகப் பியூலா இதற்குப் பல பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். உனக்குப் பரீட்சை டியூட்டி என்று நினைத்தேன். பதற்றத்தில் கை ஓடவில்லை. போனில் சார்ஜ் இல்லை. இதில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் தங்கை அழுவாள், ஏற்றுக்கொள்வாள், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மந்தைவெளிக்குப் போவார்கள். நூற்றைம்பது மீட்டர் ஐம்பதாகும்.

அதற்காகத்தான் உண்மையைச் சொன்னாளா, அல்லது சொல்லாமல் இனி முடியாது என்றுதான் சொன்னாளா என்பது பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை.

“ஒன்னக் கேட்டாவ,” என்றாள். “மூணு மட்டம் கேட்டாவ. எப்சி எங்க, எப்சி எங்கன்னு. போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். பண்ணல.”

எப்சிபா சைக்கிளை விட்டு இறங்கினாள்.

“இருவது வருசம் நான் பாத்துக்கிட்டேன். குளிப்பாட்டுனது நான், மாத்திர குடுத்தது நான். அவுக வாயில எப்பவும் ஒன் பேருதான். ஒரு நாளாவது நான் மட்டும் இருக்கேன், என்னப் பாத்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

எப்சிபா கையை ஓங்கவில்லை. பியூலாவின் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்து, பலமாக, ஒரே தள்ளாகத் தள்ளினாள். சைக்கிளோடு பியூலா பாலத்துக் கம்பியில் போய் விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. அவள் நிமிர்வதற்குள் தங்கை ஏறி மிதித்துப் போய்விட்டாள். முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிற வேகத்தில். கிறீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. அது அழுகை என்று புரியப் பியூலாவுக்கு நேரம் பிடித்தது.

அவளுடைய மின்மினி அணைந்தது. ஒரு நிமிடம் கழித்து, மிக மெதுவாக, மறுபடி எரிந்தது. பாலத்தின் முனையில் கம்பு இறங்கியது.

ரத்த வங்கிக்கு வந்து கோமளா கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது இல்யாஸிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ‘போதும் மேடம். எல்லா ஜோடியையும் பழைய தூரத்துக்குக் கொண்டு போயிருச்சு. அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் நடுவுல இப்போ ரெண்டு கிலோமீட்டர். ரொம்ப நல்லா நடிச்சீங்க. நன்றி.’

“யாருக்கா?” என்றாள் கோமளா.

“தெரிஞ்ச பையன்,” என்றாள் பியூலா.

புதன், வியாழன், வெள்ளி. எப்சிபா போனை எடுக்கவில்லை. பாதையும் அவளைக் கண்ணில் காட்டவில்லை. தினமும் பெருங்குடியில் கம்பு இறங்கிப் பியூலாவை நிறுத்தியது. பக்கத்தில் ஐந்தாறு பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி முதுகில் மடிக்கணினிப் பை. ஒருத்தி கூடையில் மல்லிகைப்பூ. ஒருத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். மணி ஏழரை. அந்தப் பெண் இவர்களில் யாராகவும் இருக்கலாம், இவர்களில் யாருமே இல்லாமலும் இருக்கலாம். பியூலா ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். பயம் எதிலும் தெரியாது. அதுதான் வேண்டியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கம்பு தூக்கும், எல்லோரும் போவார்கள். காயம்பட்ட கையால் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் அவள் கடைசியாகப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக அவளுக்கு மனசில்லை. ஒன்பது மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

எப்சிபா நின்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், சேலை கசங்கியிருந்தது. உள்ளே வந்து, கூடத்தில் உட்காராமல், நேராக அப்பா படுத்திருந்த அறைக்குப் போனாள். கட்டில் இருந்த இடத்தில் இப்போது தையல் மிஷின் இருந்தது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

“ஒங்கிட்ட என் நம்பர வாங்குன அந்தப் பையன் எனக்கும் மெசேஜ் அனுப்பிருந்தான். நல்லா நடிச்சோமாம்.”

“நீ…”

“நான் நடிக்கல. இன்னும் கோவம் தீரல. தீருமான்னும் தெரியல.” கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை; சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “ஆனா அந்த அஞ்சு மணி நேரம் ஒங்கிட்டத்தான் இருக்கு. வேற யாருகிட்டயும் இல்ல. அதனால வந்தேன். ஒண்ணையும் விடாம, மொதல்லேருந்து சொல்லு.”

பியூலா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“காலையில ஆறு மணி இருக்கும்,” என்று ஆரம்பித்தாள். “சன்னலத் தெறன்னு சொன்னாவ.”